மண்டபத்தில் ஓவிய வரலாறு: எந்தத் தளத்தில் எடுப்பது, எந்தப் படத்தில் தொடங்குவது?

தோட்டத்துப்பிள்ளை:
மலேசியாவில் கெடா மாநிலம் பீடோங் பக்கம் தோட்டத்து மண்டபம் ஒன்றில் சனிக்கிழமை மாலைகளில் படிவம் 4, 5 பிள்ளைகளுக்குக் கலை வரலாறு நடத்தலாம் என்று திட்டம். எஸ்பிஎம் (படிவம் 5 அரசுத் தேர்வு) பாடமாகக் காட்சிக்கலைக் கல்வி எடுத்தவர்கள் பாதி, சும்மா வரைய ஆசைப்படுபவர்கள் பாதி. மண்டபத்தில் வைஃபை கிடையாது. கைப்பேசி ஹாட்ஸ்பாட்தான், மழை பிடித்தால் அதுவும் ஒரு கோட்டுக்கு இறங்கிவிடும். பழைய புரொஜெக்டர் ஒன்று, மடிக்கணினி ஒன்று இருக்கிறது. கூகுளில் படத்தைத் தேடிப் போட்டுக் காட்டினால் போதுமா, முறையாக வேறெங்காவது எடுக்க வேண்டுமா? எகிப்தில் தொடங்கி பிக்காசோ வரை வரிசையாகப் போகலாம் என்று யோசனை.

நிறமி:
கூகுள் படத்தேடலில் வருவதை அப்படியே எடுக்காதீர்கள். ஒரே ஓவியம் பத்து நிறத்தில் வரும். ஒன்று மஞ்சளாக, ஒன்று நீலமாக, ஒன்றில் ஓரம் வெட்டுப்பட்டு, இன்னொன்று இடவலம் மாறி. பிள்ளைகள் எதை உண்மை என்று எடுத்துக்கொள்வார்கள்?

ஒரே விதிதான்: அந்தப் பொருளை வைத்திருக்கும் அரும்பொருளகத்தின் பக்கத்துக்கே போங்கள். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் (சுருக்கமாக மெட்) 2017 பிப்ரவரியில் தன்னிடமுள்ள பதிப்புரிமை இல்லாத பொருள்களின் படங்களைக் கட்டுப்பாடில்லாமல் திறந்துவிட்டது. கிளீவ்லாந்து 2019இல், ஸ்மித்சோனியன் 2020இல். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ், சிகாகோ கலைக்கழகம், வாஷிங்டன் தேசியக் காட்சியகம் எல்லாமே தாராளம். தேடும்போது பக்கவாட்டில் ‘ஓப்பன் ஆக்சஸ்’ வடிகட்டியைத் தட்டிவிட்டுத் தேடுங்கள். இல்லையென்றால் இறக்க முடியாத படங்களும் கலந்து வந்து நேரத்தைத் தின்னும்.

படத்தை இறக்கியதும் கோப்பின் பெயரை மாற்றிவிடுங்கள்: அரும்பொருளகம், பதிவெண், ஆண்டு, அளவு. உதாரணத்துக்கு மெட்டில் உள்ள சோழர் கால நடராசர், பதிவெண் 1987.80.1, 11ஆம் நூற்றாண்டு, உயரம் 68.3 செமீ. பதிவெண் இருந்தால் இரண்டு வருடம் கழித்தும் அதே பக்கத்துக்குத் திரும்பலாம். இணைய முகவரி மாறும், பதிவெண் மாறாது.

இடவலம் மாறிய படத்தைக் கண்டுபிடிக்க நம் பிள்ளைகளுக்கு நடராசரே போதும். தூக்கிய திருவடி இடது, ஊன்றியது வலது, முயலகன் அதன் கீழே. உடுக்கை வலக்கையில், அனல் இடக்கையில். மாறியிருந்தால் படம் திருப்பப்பட்டிருக்கிறது. மதுரை வெள்ளியம்பலம் மட்டும் விதிவிலக்கு, அங்கே கால் மாறித்தான் ஆடுகிறார். ஆனாலும் கால் மட்டும் மாறியிருக்கிறதா, கைகளும் சேர்ந்து மாறியிருக்கின்றனவா என்று பார்த்தால் தெரிந்துபோகும்.

மெர்போக்கான்:
எகிப்தில் ஏன் தொடங்க வேண்டும்? பீடோங்கிலிருந்து மெர்போக் எவ்வளவு தூரம்? பழைய கோயில் இடிபாடுகள் உள்ள பூஜாங் பள்ளத்தாக்கு பக்கத்திலேயே இருக்கிறது. ராஜேந்திரன் 1025இல் படையெடுத்த கடாரம் இந்தக் கெடாதான். அங்குள்ள புக்கிட் பத்து பகாட் சண்டியை (சண்டி என்றால் பழங்காலக் கோயில்) நேரில் போய்த் தொட்டுப் பார்க்கலாம். முதலில் கால்வைத்து நடந்த இடம், பிறகு திரை. இந்த வரிசையில் போனால் பிள்ளைகள் உட்கார்ந்து கேட்பார்கள். பிரமிடைக் காட்டினால் முதல் வாரத்தோடு பாதிப்பேர் ஃபுட்சாலுக்குப் போய்விடுவார்கள்.

வண்ணச்சட்டி:
மெர்போக்கான் அண்ணே, ஊர்ப்பற்று சரி. ஆனால் பூஜாங்கில் கண்ணுக்குக் கிடைப்பது அடித்தளம். கருங்கல் மேடை, தூண் நின்ற கல் பீடங்கள், அவ்வளவுதான். மேலே இருந்த மரக்கூரை எப்போதோ போய்விட்டது. அதை வாசிக்கத் தெரிந்தவனுக்கு அது புதையல், 16 வயதுப் பிள்ளைக்கு வெறும் கல். இணையத்தில் கிடைக்கும் படங்களும் பெரும்பாலும் சுற்றுலாக்காரர்கள் எடுத்தவை. பெரிதாக்கினால் ஒன்றும் தெரியாது.

தொடக்கம் என்பது ஊரைப் பொறுத்ததல்ல, படம் எவ்வளவு பெரிதாகிறது என்பதைப் பொறுத்தது. கண்ணுக்குப் பழக்கம் வர, பெரிதாக்கப் பெரிதாக்கப் புதிதாக ஏதாவது கிடைத்துக்கொண்டே இருக்கிற படம் வேண்டும். யான் வான் ஐக்கின் அர்னோல்ஃபினி தம்பதியை எடுங்கள். 1434, லண்டன் நேஷனல் கேலரி, 82 க்கு 60 செமீ. பின்சுவரில் ஒரு குவிந்த கண்ணாடி. பெரிதாக்கினால் அதில் தம்பதியின் முதுகும், வாசலில் நிற்கிற இரண்டு பேரும் தெரிவார்கள். இன்னும் பெரிதாக்கினால் கண்ணாடிச் சட்டத்தைச் சுற்றிப் பத்துச் சின்ன வட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஏசுவின் பாடுகளில் ஒரு காட்சி. ஒவ்வொரு வட்டமும் நகத்தளவுதான் இருக்கும். கண்ணாடிக்கு மேலே சுவரில் ஓவியரின் கையெழுத்தும் ஆண்டும். இதைத் தானாகக் கண்டுபிடித்த பிள்ளைக்கு அடுத்த வாரம் யாரும் ஆள் அனுப்பிக் கூப்பிட வேண்டியதில்லை.

எந்தத் தகவலும் சொல்லாமல் முதல் பத்து நிமிடம் வெறுமனே பார்க்கவிடுங்கள். கண்டதை மட்டும் எழுதச் சொல்லுங்கள், அர்த்தம் எழுத வேண்டாம். பெயரும் காலமும் அதற்கப்புறம். முதலிலேயே கதையைச் சொல்லிவிட்டால் கதையைத்தான் பார்ப்பார்கள், படத்தைப் பார்க்க மாட்டார்கள்.

தோட்டத்துப்பிள்ளை:
நன்றி டீச்சர். விக்கிமீடியா காமன்ஸில் போஷின் ‘இன்பத் தோட்டம்’ ஓவியத்தை முழு அளவில் திறந்தால் கைப்பேசி அப்படியே உறைந்துவிடுகிறது. மடிக்கணினியும் திணறுகிறது. டேட்டாவும் போச்சு. இதற்கு என்ன வழி?

ஓலைப்பெட்டி:
அந்தக் கோப்பு ஏறக்குறைய 30,000 க்கு 17,000 பிக்சல். சுருக்கிய கோப்பாகவே சில நூறு எம்பி. திறக்கும்போது அது விரியும்: ஒரு பிக்சலுக்கு 4 பைட், 51 கோடி பிக்சல், ஆக 2 ஜிபி நினைவகம் அந்த ஒரு படத்துக்கே போகும். 4 ஜிபி கருவியில் உறையாமல் என்ன செய்யும்?

காமன்ஸில் படத்துக்குக் கீழே ‘பிற அளவுகள்’ என்று சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும். 1280 அல்லது 2560 அகலத்தை எடுங்கள். உங்கள் புரொஜெக்டர் பழையது என்றால் 1024 க்கு 768தான் காட்டும், புதியதே ஆனாலும் 1920 க்கு 1080. அதற்கு மேல் இறக்குவது வீண், பெரிதாக்கிக் காட்டப்போகிற துண்டைத் தவிர. முழுப்படம் ஒன்று 2560இல், முக்கியமான மூன்று நான்கு இடங்களைத் தனித்தனித் துண்டாக 2000 அகலத்தில். இப்படிச் செய்தால் ஒரு ஓவியம் 10 எம்பிக்குள் அடங்கும். பெரிய கோப்பில் வெட்டுகிற வேலையை வீட்டு வைஃபையில் முடித்துவிட்டுப் பென்டிரைவில் கொண்டுபோங்கள்.

இன்னொரு வழி, ‘டிரிபிள் ஐ எஃப்’ என்கிற பட முறை. சிகாகோ உள்பட நிறைய அரும்பொருளகங்கள் இதில்தான் படம் கொடுக்கின்றன. படத்தின் முகவரி கடைசியில் சாய்கோடு போட்டு நான்கு பகுதியாக முடியும்: எந்தப் பகுதி, எவ்வளவு பெரிது, எத்தனை பாகை திருப்பம், கோப்பின் பெயர். இரண்டாவது இடத்தில் 843 என்று இருக்கும். சிகாகோ பரிந்துரைக்கிற அகலம் அது. அந்த எண்ணை 400 ஆக்கினால் சின்னப் படம் வரும். முதல் இடத்தில் ‘முழுவதும்’ என்று பொருள்படும் full என்ற சொல்லை எடுத்துவிட்டு இடது தூரம், மேல் தூரம், அகலம், உயரம் என்று காற்புள்ளி போட்டு நான்கு எண் கொடுத்தால், அந்தத் துண்டு மட்டும் வரும். முழுக்கோப்பையும் இறக்காமல் கண்ணாடியை மட்டும் எடுப்பதுபோல. அகலத்துக்குப் பின்னால் உள்ள காற்புள்ளியை அழித்துவிடாதீர்கள். அது போனால் பிழைச்செய்திதான் வரும்.

கூகுள் ஆர்ட்ஸ் அண்ட் கல்ச்சர் பெரிதாக்கிப் பார்க்க அருமை, ஆனால் இறக்க விடாது. சிறு சிறு சதுரங்களாக நேரடியாக இணையத்திலிருந்து கொண்டுவரும், ஹாட்ஸ்பாட் சரிந்தால் திரையில் மங்கலான கட்டங்கள்தான். மண்டபத்தில் அதை நம்பாதீர்கள், வீட்டில் தயாரிக்கும்போது பயன்படுத்துங்கள்.

கங்காணி_பேரன்:
புரொஜெக்டர் பற்றி ஒன்று. மண்டபச் சுவர் கிரீம் நிறமாக இருந்தால் எல்லா ஓவியத்துக்கும் வயசாகிவிடும். வெள்ளை வேட்டியோ போர்வையோ இழுத்துக் கட்டுங்கள், சுருக்கம் இல்லாமல். டியூப்லைட்டை அணையுங்கள். மடிக்கணினியில் இரவு விளக்கு என்கிற மஞ்சள் வடிகட்டி மாலை ஆனதும் தானாகவே ஓடும், அதை நிறுத்துங்கள். கைப்பேசியில் ‘விவிட்’ நிறத்தை மாற்றி ‘நேச்சுரல்’ வையுங்கள். இத்தனையும் செய்தாலும் நிறம் கொஞ்சம் மாறத்தான் செய்யும்லா. நிறத்தைப் பற்றிப் பேசுகிற வாரத்தில் மட்டும் அச்சிட்ட தாளை கையில் கொடுத்துவிடுங்கள்.

ஓலைப்பெட்டி:
அச்சுக்குக் கணக்கு: ஏ4 தாளை 300 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) போட 2480 க்கு 3508 பிக்சல் வேண்டும், ஏ3க்கு 3508 க்கு 4961. சுவரில் ஒட்டித் தள்ளி நின்று பார்க்க 150 டிபிஐ போதும், அதாவது அதில் பாதி எண். போட்டோஸ்டேட் கடையில் ‘ஃபிட் டு பேஜ்’ என்பதைத் தட்டிவிட்டால் அளவு மாறிவிடும். உண்மை அளவில் வேண்டுமென்றால் நூறு சதவீதம் என்று சொல்லியே கொடுங்கள். சாதாரணத் தாளில் கருநிறம் எல்லாம் சாம்பலாகும், 160 கிராம் அட்டை கேளுங்கள்.

நிறமி:
உண்மை அளவு பற்றிப் பேச்சு வந்தது நல்லது. திரையில் எல்லாமே ஒரே அளவுதான், இதுதான் இணையம் செய்கிற பெரிய அநியாயம். ஹோகுசாயின் ‘பேரலை’யை எல்லாரும் பெரிய ஓவியம் என்று நினைக்கிறார்கள். அது 25.7 க்கு 37.9 செமீ, ஏ3 தாளைவிடச் சின்னது. மறுபக்கம் ரெம்ப்ராண்டின் ‘இரவுக் காவல்’, 1642, ஏறக்குறைய 3.8 மீட்டர் உயரம், 4.5 மீட்டர் அகலம். மண்டபத் தரையில் மாஸ்கிங் டேப் ஒட்டி அந்தச் செவ்வகத்தைக் காட்டுங்கள். பிள்ளைகளை அதற்குள் படுக்கச் சொன்னால் ஒன்றும் விளக்க வேண்டாம். 1715இல் ஆம்ஸ்டர்டாம் நகர மண்டபத்துச் சுவரில் பொருந்த வேண்டும் என்பதற்காக அந்த ஓவியத்தின் நாலு ஓரத்தையும் வெட்டினார்கள், இடப்பக்கம்தான் அதிகம். அதனால் முதலில் நடுவிலிருந்து சற்று வலப்பக்கம் தள்ளி இருந்த தளபதி இப்போது நடுவுக்கே வந்துவிட்டார். ரைக்ஸ் 2022இல் அதன் 717 கிகாபிக்சல் (71,700 கோடி பிக்சல்) படத்தை வெளியிட்டது. இரண்டு பிக்சலுக்கு நடுவே 5 மைக்ரோமீட்டர்தான். வண்ணத்தில் விழுந்த வெடிப்புகூடத் தெரியும்.

பேரலைக்குத் திரும்பினால், அதை வைத்து ஒரு முழு மாலையை ஓட்டலாம். அது மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்தது. 1830 வாக்கில் தொடங்கி ஆயிரக்கணக்கில் அச்சாகியிருக்கிறது, அதனால் ‘மூலம்’ என்று ஒன்று தனியாகக் கிடையாது. மெட், சிகாகோ, பிரிட்டிஷ் மியூசியம் மூன்றிலும் ஒன்றுக்கு மேற்பட்ட பிரதிகள் உண்டு. மூன்று பிரதியை ஒரே அகலத்துக்குக் கொண்டுவந்து பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மேல் இடது மூலையில் தலைப்பு எழுதிய பெட்டி இருக்கும். அதன் கோட்டைப் பெரிதாக்குங்கள். சில பிரதியில் கோடு முழுசு, சிலவற்றில் இடையிடையே அறுந்திருக்கும். அச்சடிக்க அடிக்கக் கட்டையின் மெல்லிய விளிம்பு தேய்ந்து உடைகிறது, அதனால் அறுந்த கோடு உள்ளது பிந்திய அச்சு. அடுத்து வானத்தைப் பாருங்கள். நல்ல பிரதியில் இளஞ்சிவப்பு மேகம் லேசாகத் தெரியும், வெளிச்சத்தில் வெளிறிப்போனதில் அது இருக்காது. எந்தப் பிரதி முந்தியது என்று பிள்ளைகளையே வரிசைப்படுத்தச் சொல்லுங்கள், காரணத்தோடு. மழுங்கிய படத்தை எடுத்தால் மட்டும் இந்தப் பயிற்சி பலிக்காது. படம் மங்கலாக இருந்தால் எல்லாக் கோடும் அறுந்ததுபோலத்தான் தெரியும்.

மெர்போக்கான்:
வண்ணச்சட்டி டீச்சர், பெரிதாக்கினால் புதிதாகக் கிடைக்க வேண்டும் என்றீர்கள். சோழச் செப்புத் திருமேனியில் கிடைக்காததா? பீடத்தைப் பெரிதாக்குங்கள். ஓரத்தில் துளையோ வளையமோ இருக்கும், கழி செருகித் தூக்கிப்போக. இது கருவறையில் நிற்கிற சிலை இல்லை, வீதியுலா போகிற உற்சவர் என்று அந்தத் துளை சொல்லிவிடும். சில திருமேனியில் முகத்தின் கூர்மை மழுங்கியிருக்கும், நூற்றாண்டுக் கணக்கில் அபிஷேகம் செய்து தேய்த்ததால். மண்ணில் புதைந்து கிடந்ததில் பச்சை பூத்திருக்கும். தைப்பூசத்துக்கு ரதம் இழுக்கிற பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். திருமேனி அரும்பொருளக விளக்கொளியில் நிற்பதும், பட்டு, மாலை, சந்தனத்தோடு நிற்பதும் ஒன்றா என்று மட்டும் கேளுங்கள்.

இன்னொன்று, யாரும் படிக்காத பகுதி: பக்கத்தின் அடியில் இருக்கும் புரோவெனன்ஸ். யார் கையிலிருந்து யார் கைக்கு, எந்த ஆண்டு என்ற பட்டியல். கலைப்பொருள் கடத்தலுக்கு எதிரான யுனெஸ்கோ உடன்படிக்கை 1970. அந்த ஆண்டுக்கு முன் ஒன்றுமே எழுதாமல், திடீரென்று ஒரு வியாபாரியின் பெயரில் தொடங்கினால் புருவத்தை உயர்த்தலாம். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயில் நடராசரை ஆஸ்திரேலிய தேசியக் காட்சியகம் 2008இல் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது, 2014இல் இந்தியாவுக்குத் திருப்பிக் கொடுத்தது. இதுபோன்ற வழக்குகளில் கைகொடுப்பது புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1956இலிருந்து கோயில் கோயிலாக எடுத்து வைத்த கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள். சிலையில் உள்ள வடுவும் கீறலும் புகைப்படத்தோடு பொருந்தினால் அதற்குமேல் வாதம் இல்லை. பிள்ளைகளுக்கு இரண்டு படத்தைக் கொடுத்து ஒன்றா வேறா என்று கேளுங்கள். டிடெக்டிவ் வேலை என்றால் அலுக்காது.

வண்ணச்சட்டி:
பீடத்துத் துளைக்கு ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் நடராசரில் தொடங்குங்கள், நல்ல படம் இருக்கிறது. பூஜாங்கைக் கடைசிக்கு வையுங்கள், படம் பார்க்கத் தெரிந்த பிறகு கல்லைப் பார்க்கப் போகலாம். 1936, 37இல் குவாரிட்ச் வேல்ஸ் தம்பதி அகழ்ந்து எண் போட்ட தளங்களில் புக்கிட் பத்து பகாட் 8ஆம் எண். அங்கே நின்று ஒவ்வொரு கல் பீடத்தின் குழியையும் அளந்து, தூண் எங்கே நின்றிருக்கும், கூரை எவ்வளவு பரந்திருக்கும் என்று வரையச் சொன்னால் அது தனிப் பாடம்.

மெர்போக்கான்:
கடைசி என்றாலும் சரி, விட்டுவிடாதீர்கள்.

செந்தூரம்:
உள்ளூர் ஓவியர்கள் பற்றி யாருமே சொல்லவில்லையே? எஸ்பிஎம்முக்கு அதுதானே வேண்டும். லத்தீஃப் மொஹிடின், பாத்திக்கை (துணியில் மெழுகிட்டுச் சாயமேற்றும் கலை) ஓவியமாக்கிய பினாங்கின் சுவா தியன் தெங், தமிழ்நாட்டில் பிறந்து சென்னைக் கலைக் கல்லூரியில் படித்துவிட்டு இங்கே வரைகிற சையத் தாஜுதீன். சிங்கப்பூர் தேசியக் காட்சியகத்தின் இணையத் தொகுப்பில் நன்யாங் ஓவியர்கள் (இந்த வட்டாரத்துக்குக் குடியேறி வரைந்த சீன ஓவியர்கள்) நிறையக் கிடைப்பார்கள். லியூ காங், சியோங் சூ பியெங் உள்ளிட்ட நால்வர் 1952இல் பாலிக்குப் போய்வந்த பிறகு வரைந்தவற்றைத் தேடிப் பாருங்கள். கோலாலம்பூரின் தேசியக் கலைக்கூடமான பாலாய் செனி நெகாராவையும் தேடலாம், 1958இலிருந்து இருக்கிறது.

ஆனால் இவர்கள் படங்கள் திறந்தவை கிடையாது. மலேசியாவில் ஓவியர் இறந்து 50 ஆண்டு வரை பதிப்புரிமை. பிக்காசோ 1973இல் இறந்தார், அதனால் இங்கே 2023 முடிவோடு காலம் முடிந்தது. ஐரோப்பாவில் 70 ஆண்டு, 2043 வரை இழுக்கும். அதனால்தான் அங்குள்ள தளங்களில் பிக்காசோ தம்பிடி அளவில்தான் தெரிவார். வகுப்பில் திரையில் காட்டுவது ஒன்று, அச்சிட்டு விற்பது வேறு. உள்ளூர் ஓவியர் படத்தைப் பை, டி-சட்டையில் போட்டு நிதி திரட்டலாம் என்று யாராவது கிளம்பினால் தடுத்துவிடுங்கள். பிரிட்டிஷ் மியூசியம் படங்களும் வணிகத்துக்குக் கூடாது. மெட், கிளீவ்லாந்து திறந்த படங்களுக்கு அந்தத் தடை இல்லை.

தோட்டத்துப்பிள்ளை:
வாசிக்க என்ன கொடுக்கலாம்? தமிழில் ஏதாவது?

நிறமி:
தமிழில் தொடர்ச்சியாக ஒரே இடத்தில் கிடைப்பது குறைவு, உங்கள் குறிப்பை நீங்களே ஒரு பக்கத் தாளாக எழுதுவதுதான் உத்தமம். நீங்கள் தயாரிக்க ஸ்மார்ட்ஹிஸ்டரி இருக்கிறது. ஒரு ஓவியத்துக்கு முன் நின்று இருவர் பேசிக்கொள்ளும் குறுங்காணொளிகள், பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள். காலவரிசைக்கு மெட்டின் ஹைல்ப்ரூன் கட்டுரைகள். இந்தியக் கலைக்கு பெங்களூரு மேப் அகாடமியின் கலைக்களஞ்சியம், இலவசம். தஞ்சைப் பெரிய கோயில் சோழ ஓவியத்துக்கும் அங்கே தொடங்கலாம். நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் அது மறைந்திருந்ததை 1931இல் கண்டுபிடித்தவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ். கே. கோவிந்தசாமி. அந்தச் சுற்றுப்பாதைக்குள் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை, அதனால் இணையத்தில் சுற்றுவதில் பாதி ஒரே சில புகைப்படங்களின் நகல்தான்.

கங்காணி_பேரன்:
வாட்ஸ்அப்பில் ‘சோழர் கால ஓவியம்’ என்று வருகிறதே, பளபளவென்று? அதில் பாதி ஏஐ.

நிறமி:
ஆமாம். விரல், நகை, பீடத்து எழுத்து மூன்றையும் பாருங்கள். ஆரம் கழுத்துக்குள்ளேயே புகுந்து மறையும், எழுத்து எந்த லிபியிலும் சேராது. அதைவிட லேசான சோதனை: எங்கே இருக்கிறது, பதிவெண் என்ன, எந்தக் கோயில் என்று கேளுங்கள். பதில் இல்லாத படத்தை வகுப்பில் காட்ட வேண்டாம்.

தோட்டத்துப்பிள்ளை:
சரி, இப்படி வைக்கிறேன்: முதலில் நடராசர், அடுத்து அர்னோல்ஃபினி கண்ணாடி, பிறகு பேரலை மூன்று பிரதி, தரையில் இரவுக் காவல், உள்ளூர் ஓவியர்கள், கடைசியில் மெர்போக். ஒரே சந்தேகம்: புரொஜெக்டரைக் கீழே மேசையில் வைத்து மேல்நோக்கிச் சாய்த்தால் படம் மேலே விரிகிறது. மெனுவில் கீஸ்டோன் போட்டுச் சரிசெய்தால் போதுமா?

ஓலைப்பெட்டி:
வேண்டாம். கீஸ்டோன் பிக்சலைப் பிசைந்துதான் நேராக்கும், அறுந்த கோடு தேடுகிற வாரத்தில் அது காலை வாரிவிடும். மேசைமேல் இன்னொரு மேசையைப் போட்டு லென்ஸைத் துணியின் கீழ் விளிம்பு உயரத்துக்குக் கொண்டுவாருங்கள், சாய்க்கவே தேவையிருக்காது. கீஸ்டோனைச் சுழியத்தில் வையுங்கள். மேல் மேசையின் காலை கயிறு போட்டுக் கட்டிவிடுங்கள், பிள்ளைகள் ஓடுவார்கள்.